பந்தயக் காருக்குக் கழுத்துக் காப்பு: பணம் கட்டுமுன் எதையெல்லாம் அளக்க வேண்டும்

கழுத்துக் காப்பு வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த பிராண்டு நல்லது?" என்றுதான். அதைக் கடைசியில் கேட்டால் போதும். சீட்டில் உங்கள் முதுகு எவ்வளவு சாய்ந்திருக்கிறது, தோள் பெல்ட் எந்த உயரத்திலிருந்து வருகிறது, ஹெல்மெட்டில் திருகு பொருத்தும் துளை இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதித் தேர்வு தானாக முடிந்துவிடும். தெரியாமல் வாங்கினால், தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வர்த் கராஜில் கட்டிய பழைய சிட்டி கோல்ஃப் காருக்குள் ஃபார்முலா காருக்கான ஹான்ஸை (தலை முன்னால் பாயாமல் பிடிக்கும் கழுத்துக் காப்பு வகை) மாட்டிக்கொண்டு, தலை முன்னால் தள்ளப்பட்ட நிலையில் டெஸ்ஸி ரேஸ்வேயைச் சுற்ற வேண்டிவரும்.

அது செய்யும் வேலை

பல இடங்களில் காரோடு கட்டப்படும் பல முனை பெல்ட் உடலைச் சீட்டோடு இறுக்கிப் பிடிக்கிறது. தலையை எதுவும் பிடிப்பதில்லை. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் கார் சுவரில் நேராக மோதி, முன்பக்கம் 60 செ.மீ. நசுங்கி நின்றால், சராசரித் தடுப்பு விசை சுமார் 24 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல் 24 மடங்கு. தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து 6 கிலோ என்று வைத்தால், அந்தக் கணத்தில் கழுத்தை இழுப்பது ஏறக்குறைய 140 கிலோ எடை. அதே நசுங்கலோடு வேகம் 100 கி.மீ. என்றால் 65 ஜி, கழுத்தில் 390 கிலோ. இது சராசரிதான்; உச்சம் இன்னும் மேலே போகும். இந்த இழுப்பில் மண்டையோட்டின் அடித்தளம் உடைவது பந்தய ஓட்டுநர்களைக் கொல்லும் முக்கியக் காயங்களில் ஒன்று. பெல்ட் நன்றாக இருந்தும், கார்க்கூடு முழுதாக இருந்தும் இது நடக்கும்.

1981-ல் அமெரிக்காவின் மிட்-ஒஹையோ தடத்தில் ஓட்டுநர் பாட்ரிக் ஜாக்மார் இப்படி இறந்தார். அதன்பின் ஓட்டுநர் ஜிம் டவுனிங், தம் உறவினரும் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக உயிர்இயந்திரவியலாளருமான ராபர்ட் ஹப்பர்டை அணுகினார். ஹான்ஸ் அங்கே பிறந்தது. ஆனால் 2001 பிப்ரவரி 18 அன்று டேடோனா பந்தயத்தில் புகழ்பெற்ற ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் இறந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அமெரிக்க ஸ்டாக் கார் பந்தய அமைப்பான நாஸ்கார் கழுத்துக் காப்பை அந்த ஆண்டே கட்டாயமாக்கியது, ஃபார்முலா 1 2003-ல்.

அமைப்பு எளிது. தோளிலிருந்து மார்பில் இறங்கும் இரண்டு கால்கள், பின்கழுத்துக்குப் பின்னால் எழும் ஒரு காலர், காலரிலிருந்து ஹெல்மெட்டின் இருபக்கமும் போகும் டெதர் பட்டைகள். கால்களின் மேல் தோள் பெல்ட் ஓடுகிறது. தலை முன்னால் பாயும்போது டெதர் அதைப் பிடிக்கிறது; அந்த விசை காலர் வழியாகக் கால்களுக்கும், அங்கிருந்து பெல்ட்டுக்கும் போகிறது. ஆக, பெல்ட் தளர்ந்திருந்தால் ஹான்ஸ் வெறும் அலங்காரம். கழுத்தைச் சுற்றிக் கட்டும் பஞ்சு வளையம் இதற்கு மாற்றே இல்லை. அது தலையின் ஆட்டத்தைக் கொஞ்சம் தணிக்கும், இழுவிசையைத் தடுக்காது. பெல்ட்டே இல்லாத கோ-கார்ட் என்ற சிறு பந்தய வண்டியில் ஹான்ஸுக்கு வேலை இல்லை என்பதால் பஞ்சு வளையத்தின் இடம் அங்குதான்.

முதலில் காருக்குள் உட்காருங்கள்

ஓட்டும் உடை, காலணி, ஹெல்மெட் எல்லாம் போட்டு, பெல்ட்டை இறுக்கி உட்காருங்கள். இன்னொருவர் வெளியில் நின்று பார்க்க வேண்டும். வெறும் சீட்டை அளந்து பயனில்லை. உடல் எடையில் பஞ்சு அமுங்கித் தோள் கீழே இறங்கிவிடும்.

முதல் அளவு முதுகின் சாய்வு. போனில் இருக்கும் கோணமானியை ஒரு நேரான கம்பில் ஒட்டி, அந்தக் கம்பைத் தோள் மூட்டிலிருந்து இடுப்பு மூட்டு வரை பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். செங்குத்திலிருந்து எத்தனை பாகை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஹான்ஸ் வகைகள் 10, 20, 30, 40 பாகை என்று வருகின்றன. போலோ, கோல்ஃப், கொரோலா போன்ற உடல் கொண்ட கார்களில் உட்காரும் பெரும்பாலோருக்கு 20 பாகை. ஸ்டாக் கார் மாதிரி நிமிர்ந்து உட்காரும் சீட்டுக்கு 10. சாய்ந்து படுத்த நிலையில் ஓட்டும் ஃபார்முலா கார்களுக்கு 30, இன்னும் படுத்தால் 40. உடல் கொண்ட காருக்கு 30 பாகை வாங்கினால் என்ன ஆகும் என்பது தோளிலேயே தெரியும்: கால்கள் மார்பில் படியாமல் முன்முனை தூக்கிக்கொள்ளும், அல்லது காலர் ஹெல்மெட்டைப் பின்னாலிருந்து முட்டும். இரண்டாம் கைச் சந்தையில் 30 பாகை மலிவாகக் கிடைத்தால், ஏன் மலிவு என்று யோசித்துவிட்டு வாங்குங்கள்.

இரண்டாவது அளவு தோள் பெல்ட்டின் கோணம். எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான், கராஜ்களில் அதிகம் தவறாகப் போவதும் இதுதான். தோளிலிருந்து பின்னோக்கிப் போகும் பெல்ட் கிடைமட்டத்துக்கும் அதற்குக் கீழே 20 பாகைக்கும் நடுவில் இருக்க வேண்டும். 10 பாகை சுகமான இடம். கணக்கு இப்படி: பெல்ட் கட்டும் குறுக்குக் குழாய் தோளுக்கு 40 செ.மீ. பின்னால் இருந்தால், 10 பாகைக்குக் குழாய் தோளை விட 7 செ.மீ. தாழ்ந்திருக்கும், 20 பாகைக்கு 14.5 செ.மீ. அதற்கும் கீழே போனால், கார் உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டைக் கட்டிய வெல்டரிடம் பேச வேண்டிய நேரம். தோளின் உயரத்தைக் காப்பின் மேற்பரப்பிலிருந்து அளக்க வேண்டும். அது தோளுக்கு மேல் உட்காருவதால் பெல்ட் தொடங்கும் இடம் உயர்கிறது.

பின் சீட் பெல்ட் போல்ட்டிலோ தரையிலோ தோள் பெல்ட்டைக் கட்டிவிடுவது நம் ஊரில் அடிக்கடி காணும் காட்சி. மோதலில் அந்தப் பெல்ட் தோளைக் கீழ்நோக்கி அமுக்கும். முதுகெலும்பு நசுங்கும், முன்னால் போகும் உடலை நிறுத்துவதற்கோ சரியான திசையில் விசை இருக்காது. நீளமான பெல்ட் அதிகமாக நீளவும் செய்யும். மறுபக்கம், பெல்ட் தோளை விட உயரத்திலிருந்து வந்தால், மோதலில் உடல் தாழும்போது காப்பின் கால்களிலிருந்து பெல்ட் எழும்பிவிடும்.

ஒரே காரை இருவர் பகிர்ந்து ஓட்டும் நீண்ட பந்தயங்களில் உயரமானவரையும் குள்ளமானவரையும் தனித்தனியே உட்காரவைத்து அளக்க வேண்டும். அண்ணனுக்கு 8 பாகையாக இருக்கும் பெல்ட், தம்பிக்குக் கிடைமட்டத்துக்கு மேலே போய் நிற்கும். குழாயை மாற்றுவதை விட தம்பிக்கு ஒரு பஞ்சு இருக்கை செருகுவது எளிது.

மூன்றாவது, இரண்டு பெல்ட்டுகளுக்கும் நடுவிலான இடைவெளி. குழாயில் அவை நெருக்கமாகக் கட்டப்பட்டு, தோளை நோக்கி வரும்போது கழுத்தின் இருபக்கமும் லேசாக விரிய வேண்டும். குழாயில் அகலமாகக் கட்டினால் தோளின் வெளிமுனைக்கு வழுக்கும், காப்பின் காலைவிட்டு இறங்கும். சீட்டின் பெல்ட் துளைகளையும் பாருங்கள். பழைய சீட்டுகளில் அவை காப்பின் அகலத்துக்குப் பொருந்தாமல் பெல்ட்டை வெளிப்பக்கம் இழுக்கும். தலைப்பகுதி முன்னால் புடைத்த சீட்டில் காலருக்கு இடமே இருக்காது.

பெல்ட்டின் அகலமும் முனைகளும்

75 மி.மீ. தோள் பெல்ட் ஹான்ஸின் மேல் ஓடும், குறை ஒன்றும் இல்லை. 50 மி.மீ. தோள் பெல்ட் காலின் பள்ளத்துக்குள் அடக்கமாக உட்காரும், இறுக்கம் நன்றாக நிற்கும். ஆனால் அது கழுத்துக் காப்போடு மட்டும் பயன்படுத்த வேண்டியது. காப்பு போடாத நண்பரிடம் அந்தக் காரைக் கொடுக்காதீர்கள். நாலு முனை பெல்ட்டில் கவட்டைப் பட்டை இல்லாததால், தோள் பெல்ட்டை இறுக்கும்போது வயிற்றுப் பெல்ட் மேலேறிவிடும், மோதலில் உடல் அடியால் வழுக்கும். 6 முனை எடுத்துக்கொள்ளுங்கள்.

பெல்ட்டுகளுக்கும் ஆயுள் உண்டு. எஃப்.ஐ.ஏ. (உலக மோட்டார் பந்தய அமைப்பு) பெல்ட் லேபிளில் எந்த ஆண்டு வரை செல்லும் என்று அச்சிட்டிருக்கும். எஸ்.எஃப்.ஐ. (அமெரிக்கப் பந்தயப் பாதுகாப்புத் தர அமைப்பு) 16.1, 16.5 பெல்ட்டுகளுக்கு 2 ஆண்டு. ஆயுள் முடிந்த பெல்ட்டின் மேல் புதுக் காப்பு போடுவது, பழுத்த ஓலைக்கூரைக்கு இரும்புக் கதவு வைப்பது போல.

மூன்று முனைச் சாலை பெல்ட்டோடு ஹான்ஸ் போடவே கூடாது. ஒரு தோளில் மட்டுமே பெல்ட் ஓடும். காப்பின் ஒரு கால் பிடியில்லாமல் கிடக்கும். டிராக் டேக்கு (பந்தயம் இல்லாமல் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்) மட்டும் சாலைக் காரைக் கொண்டுபோகிறவர்கள், மார்பைச் சுற்றித் தன் சொந்தப் பட்டையால் கட்டிக்கொள்ளும் வகையைப் பார்க்கலாம். சிம்ப்சன் ஹைப்ரிட் அந்த வகையின் தெரிந்த பெயர். தோள் பெல்ட் கொஞ்சம் நகர்ந்தாலும் அது இடம் மாறாது, பக்கவாட்டு மோதலிலும் பிடி இருக்கும். விலையும் போடுவதற்கான நேரமும் அதிகம், டர்பன் பிப்ரவரியில் புழுக்கமும் அதிகம். மூன்று முனை பெல்ட்டுக்குச் செல்லுமா என்பதை அந்த மாடலின் கையேட்டில் எழுத்தில் பாருங்கள்; எல்லா மாடலுக்கும் அது பொருந்தாது. இன்னொன்று: கூண்டு இல்லாத சாலைக் காரில் வெறும் குறுக்குக் குழாய் வைத்து 6 முனை பெல்ட் கட்டினால், கார் உருளும்போது கூரை நசுங்க, நீங்கள் நிமிர்ந்தே மாட்டிக்கொள்வீர்கள். கூண்டு, சீட், பெல்ட், காப்பு ஆகிய நாலும் ஒன்றாக வர வேண்டியவை.

லேபிள்

இரண்டு தரங்களைப் பாருங்கள்: எஃப்.ஐ.ஏ. 8858-2010 (பழையது 8858-2002), எஸ்.எஃப்.ஐ. 38.1. தென்னாப்பிரிக்காவில் எஃப்.ஐ.ஏ.-யின் உறுப்பு அமைப்பு மோட்டார்ஸ்போர்ட் சவுத் ஆஃப்ரிக்கா. அதன் உரிமத்தில் கியாலாமி, ஸ்வார்ட்கோப்ஸ், கில்லார்னி, ஆல்டோ ஸ்க்ரிபான்டே என்று எங்கு ஓட்டப் போனாலும், உங்கள் தொடரின் விதிப் புத்தகமும் அந்தப் போட்டியின் கூடுதல் விதிகளும் எந்த லேபிளை ஏற்கின்றன என்று வாங்குமுன் படியுங்கள். வாட்ஸ்ஆப் குழுவில் யாரோ சொன்னதை பந்தயத்துக்கு முன் வண்டியையும் பாதுகாப்புச் சாதனங்களையும் சோதிக்கும் ஸ்க்ருட்டினியரிடம் காட்ட முடியாது.

இரண்டு லேபிளும் ஏற்கப்பட்டால், இங்கே இருப்பவர்களுக்கு எஃப்.ஐ.ஏ. லேபிளே வசதி என்பது எங்கள் கருத்து. எஸ்.எஃப்.ஐ. 38.1 காப்புக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை தயாரிப்பாளர் வழியாக மறுசான்று வேண்டும். கடல் தாண்டி அனுப்பித் திரும்பப் பெறும் செலவும், அந்த வாரங்களில் காப்பு இல்லாமல் தவறும் பந்தயமும் கணக்கில் வர வேண்டும்.

ஹெல்மெட்

ஹெல்மெட் தரச் சான்று தரும் ஸ்னெல் அமைப்பின் எஸ்.ஏ.2015, எஸ்.ஏ.2020 தர ஹெல்மெட்டுகளில் இருபக்கமும் எம்6 திருகு மரை ஆலையிலேயே பதித்து வருகிறது. டெதர் மாட்டும் போஸ்ட்டை அதில் திருக வேண்டியதுதான். எஃப்.ஐ.ஏ. 8859-2015 ஹெல்மெட்டும் அப்படியே. மரை இல்லாத ஹெல்மெட்டில் டிரில்லால் ஓட்டை போடுவது ஹெல்மெட்டையும் சான்றிதழையும் ஒரே நேரத்தில் கொல்லும். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இங்கே செல்லாது. மரையும் இல்லை, தீயைத் தாங்கும் உள்துணியும் இல்லை.

போஸ்ட்டோடு வரும் வாஷர் ஒருபக்கம் வளைந்திருக்கும். ஹெல்மெட் ஓட்டின் வளைவோடு அது ஒட்டிப் படிய வேண்டும். தலைகீழாகப் போட்டால் போஸ்ட் ஆடும். திருகும் இறுக்கம் கையேட்டில் எழுதிய அளவுதான். சக்கர நட்டு முறுக்குவது போல முறுக்கி மரையைப் பிய்த்துவிட்டால் ஹெல்மெட் போச்சு. டெதர் முனையும் போஸ்ட்டும் ஒரே முறையைச் சேர்ந்தவையா என்று பாருங்கள். தள்ளி மாட்டும் கிளிப்பும் வளைய வகையும் ஒன்றோடொன்று பொருந்தாது.

டெதரில் நழுவும் வகையைத் தேர்ந்தெடுங்கள். பட்டை காலரின் துளை வழியாக இருபக்கமும் ஓடுவதால், இடம் வலம் பார்க்கத் தலை திரும்பும். பார்வை போதவில்லை என்று டெதரை நீட்டுவதோ மாற்று பெல்ட் துணியால் கட்டுவதோ கூடவே கூடாது. தலை எவ்வளவு தூரம் பாயலாம் என்பதைத் தீர்மானிப்பது அந்த நீளம்தான். பார்வைக்குக் கண்ணாடியை இடம் மாற்றுங்கள்.

அளவும் உடம்பும்

பல தயாரிப்புகளில் அளவு கழுத்தின் சுற்றளவை வைத்து வரும். ஹான்ஸில் நடுத்தர அளவு பெரும்பாலோருக்குச் சரி. சுற்றளவு சுமார் 38 செ.மீ.க்குக் கீழே என்றால் சிறியது, 46-க்கு மேலே என்றால் பெரியது. சட்டைக் காலரின் எண்ணை நம்பாமல் டேப்பால் அளக்கவும். எல்லைக்கோட்டில் இருந்தால் இரண்டையும் போட்டுப் பார்த்துத்தான் முடிவு.

குறுகிய தோள் கொண்டவர்களுக்கும் பெண்களுக்கும் கால்கள் காறையெலும்பின் வெளிப்பக்கம் போய் உட்காருவது வழக்கமான பிரச்சினை. அப்போது அளவைச் சிறிதாக்குங்கள், அல்லது கால்கள் தனித்தனியே அசையும் மாடலைப் பாருங்கள். காறையெலும்பின் மேல் புள்ளியாக அழுத்தினால் பஞ்சு மெத்தை உதவும், ஆனால் தயாரிப்பாளர் விற்கும் மெத்தை மட்டும். தடித்த கடைப் பஞ்சு காப்பைத் தூக்கிப் பெல்ட்டைத் தளர்த்திவிடும்.

கழுத்துச் சங்கிலியோ தாலியோ போட்டிருந்தால் கழற்றிப் பத்திரமாக வைத்துவிடுங்கள். காப்பின் காலுக்கும் காறையெலும்புக்கும் நடுவில் சங்கிலி சிக்கினால், மோதலில் அது சதையைக் கிழிக்கும், தீயில் சூடேறும். நீளக் கூந்தலைக் கொண்டையாகப் போட்டால் ஹெல்மெட் முன்னால் சாய்ந்து டெதரின் நீளமே மாறிவிடும். தாழப் பின்னி உடைக்குள் விடுவதே சரி.

கடையில் போட்டுப் பார்க்கும் முறை

கண்ணாடி முன் நின்று போட்டுப் பார்த்தால் எல்லாம் பொருந்தும். காருக்குள் போட்டுப் பார்க்க விடும் கடையே நல்ல கடை. வரிசை இது: முதலில் காப்பைத் தோளில் வைத்து ஹெல்மெட்டோடு மாட்டுங்கள், பிறகு சீட்டில் உட்காருங்கள். வயிற்றுப் பெல்ட்டை இடுப்பெலும்பின் மேல் தாழ இறுக்குங்கள், பிறகு கவட்டைப் பட்டை, கடைசியில் தோள் பெல்ட். தோளை முதலில் இறுக்கினால் வயிற்றுப் பெல்ட் மேலேறும்.

இறுக்கிய பிறகு நண்பர் பார்க்க வேண்டியவை: பெல்ட் இரண்டும் கால்களின் நடுவில் ஓடுகிறதா, கால்களின் முன்முனை மார்பில் படிந்திருக்கிறதா, காலருக்கும் சீட்டுக்கும் நடுவில் உரசல் உண்டா. பின்பு நண்பர் காலரைப் பிடித்து முன்னால் இழுக்கட்டும். காப்பு தோளோடு ஒட்டி நிற்க வேண்டும். பெல்ட்டுக்கு அடியில் வழுக்கி வந்தால் பெல்ட் தளர்வு, அல்லது கால்களின் மேலிருக்கும் ரப்பர் உராய்வுப் பட்டை தேய்ந்திருக்கிறது. பிறகு நீங்களே தலையை மெல்ல முன்னால் சாயுங்கள். முகவாய் மார்பைத் தொடுமுன் டெதர் பிடிக்க வேண்டும். ராலியில் குறிப்பு படிக்கும் துணை ஓட்டுநர் மடியில் உள்ள புத்தகத்தைப் பார்த்து ஒரு பக்கம் படித்துப் பார்க்கட்டும்.

கடைசிச் சோதனை வெளியேறுவது. பெல்ட் பூட்டைத் திறந்தால் காப்பு உங்களோடு வரும். டெதரைக் கழற்ற வேண்டியதில்லை. ஜன்னல் வலை, ஸ்டியரிங், கூண்டின் பக்கக் குழாய் எல்லாவற்றையும் தாண்டிக் கையுறையோடு, கண்ணை மூடி வெளியே வந்து பாருங்கள். காலர் கூரைக் குழாயில் மாட்டினால் வெளியேறும் கோணத்தை மாற்றிப் பழகுங்கள்.

பணம்

கார்பனுக்கும் கலவைப் பிளாஸ்டிக்குக்கும் சில நூறு கிராம் வித்தியாசம். அரை மணி நேரப் பந்தயத்துக்கு அது பெரிய விஷயமில்லை. ஒரே லேபிள் என்றால் மலிவானதை எடுத்து, மீதிப் பணத்தில் பெல்ட்டைப் புதுப்பிப்பது எங்கள் ஆலோசனை.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வாட் வரிக் கணக்கு எப்படி வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள். பொருளின் சுங்க மதிப்பு 10,000 ரேண்ட் என்றால், அதோடு 10 சதவீதம் சேர்த்து 11,000 ஆக்கி, சுங்கத் தீர்வை இருந்தால் அதையும் கூட்டி, அந்தத் தொகைக்கு 15 சதவீதம். தீர்வை இல்லாவிட்டாலும் 1,650 ரேண்ட் வரும். கூரியர் கட்டணமும் அவர்கள் கேட்கும் கிளியரிங் கட்டணமும் தனி. அளவு தவறித் திருப்பி அனுப்பினால் இதில் பெரும்பகுதி கையைவிட்டுப் போகும். உள்ளூரில் போட்டுப் பார்த்துக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது பல நேரம் மலிவாகவே முடியும்.

பழையதை வாங்கினால் லேபிள், டெதரின் தேதி, டெதர் துளையின் விளிம்பு, கால்கள் காலரோடு சேரும் வளைவு ஆகியவற்றை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். கார்பனில் வெள்ளைக் கோடு, பெயின்ட்டில் முடியிழை போன்ற கீறல் இருந்தால் விட்டுவிடுங்கள். மேலே புதிதாகப் பெயின்ட் அடித்த காப்பை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். டெதரைப் புதிதாகப் போட்டுவிடுங்கள், அது பெரிய செலவில்லை.

பராமரிப்பு

வெயிலில் நைலானும் பாலியஸ்டரும் நைந்துபோகும். டெதரையும் ஹெல்மெட்டையும் பக்கியின் (பிக்கப் வண்டி) பின்கண்ணாடிக்கு அடியில் வாரம் முழுக்க விட்டுவைப்பவர்களின் பட்டை இரண்டு கோடையில் வெளுத்துவிடும். வெளுத்த பட்டையை மாற்றுங்கள், நூல் பிரிந்ததையும் மாற்றுங்கள். துடைக்க வெதுவெதுப்பான தண்ணீரும் மென்சோப்பும் போதும். பெட்ரோல், பிரேக் கிளீனர், தின்னர் எதுவும் படக்கூடாது. கடலோர ஈரத்தில் ஈர உடையோடு பையில் அடைத்தால் மெத்தை பூஞ்சை பிடிக்கும், கிளிப்பின் சுருள்கம்பி துருப்பிடிக்கும். ஒவ்வொரு பந்தய நாளுக்கு முன்பும் போஸ்ட் ஆடுகிறதா, கிளிப் தானாகப் பூட்டுகிறதா என்று விரலால் பாருங்கள்.

பெரிய மோதலுக்குப் பின் பெல்ட், டெதர், ஹெல்மெட் மூன்றையும் மாற்ற வேண்டும். காப்பின் உடலைத் தயாரிப்பாளரோ அவருடைய முகவரோ பார்த்து ஒப்பும்வரை ஒதுக்கிவையுங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும், வளைவில் உள்ளடுக்கு பிரிந்திருக்கலாம்.